பெயர் இல்லாத லெப்டினன்ட்: தாமஸ் நாரிஸின் போர்க்கதை

கேள்வி இதுதான்: "நேவி சீல் அதிகாரிகளில் போர்க்களத்தில் பெரிய பதக்கம் வாங்கிய ஒருவரைப் பற்றி விவரமாகச் சொல்ல முடியுமா? படங்களில் வருகிற மாதிரி தனியாளாக நூறு பேரைச் சுட்டுத் தள்ளினால்தான் அந்தப் பதக்கம் கிடைக்குமா?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கிடையாது. அமெரிக்காவின் மிக உயர்ந்த போர் விருதான மெடல் ஆஃப் ஹானரை (நம் பரம் வீர் சக்ராவுக்கு இணையானது) வியட்நாம் போரில் மூன்றே மூன்று சீல் வீரர்கள் (அமெரிக்கக் கடற்படைக் கமாண்டோக்கள்) வாங்கினார்கள். பாப் கெர்ரி, தாமஸ் நாரிஸ், மைக்கேல் தார்ன்டன். இதில் கெர்ரியும் நாரிஸும் அதிகாரிகள். நாரிஸுக்கு விருது கிடைத்தது யாரையும் சுட்டதற்காக இல்லை, எதிரியின் பிடிக்குள் மாட்டிக்கொண்ட இரண்டு பேரை உயிரோடு கூட்டி வந்ததற்காக. அந்த வேலையில் அவருக்குக் கைகொடுத்தது துப்பாக்கியை விட, சுடாமல் படுத்துக் கிடக்கும் பொறுமை. அதனால் அவரைப் பற்றியே எழுதுகிறேன்.

ஆளைப் பார்த்தால் யாரும் கமாண்டோ என்று சொல்ல மாட்டார்கள். ஒல்லியான, சிறிய உடம்பு. 1944இல் பிறந்தவர். மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் மல்யுத்த வீரர், கல்லூரிகளுக்கு இடையேயான போட்டிகளில் பட்டம் வென்றவர். அவருடைய கனவு அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யில் சேர்வது. வியட்நாம் காலம், ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், சரி, விமானியாவது ஆகலாம் என்று கடற்படையில் சேர்ந்தார். கண் பரிசோதனையில் தோற்றுப்போனார். அப்புறம்தான் சீல் பயிற்சிக்குப் போனார். இந்த உடம்பை வைத்துக்கொண்டு இவன் தாங்குவானா என்று அங்கேயும் பயிற்றுநர்களுக்குச் சந்தேகம் இருந்தது. தாங்கினார். கண் விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வரும்.

1972 ஏப்ரலில் நாரிஸ் கடற்படை லெப்டினன்ட். தரைப்படையில் அதற்குச் சமமான பதவி கேப்டன், அதனால் 'லெப்டினன்ட்தானே' என்று குறைத்து எடைபோட வேண்டாம். அந்த நேரத்தில் அமெரிக்கா வியட்நாமை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தது. சீல் படையணிகள் பெரும்பாலும் ஊர் திரும்பிவிட்டன. மிச்சமிருந்த சிலர், தென் வியட்நாம் கடல் கமாண்டோக்களுக்கு ஆலோசகர்களாக இருந்தார்கள். நாரிஸ் அவர்களில் ஒருவர்.

மார்ச் 30ஆம் தேதி வட வியட்நாம், டாங்கிகளோடும் பீரங்கிகளோடும் தெற்கே பெரும் தாக்குதலைத் தொடங்கியது. ஏப்ரல் 2, ஈஸ்டர் ஞாயிறு. எதிரி ரேடார்களைக் குழப்புவதற்காகப் பறந்த ஈ.பி.-66 ரக விமானம் ஒன்றை, குவாங் ட்ரி மாகாணத்தின் மேலே ஏவுகணை ஒன்று தாக்கியது. உள்ளே ஆறு பேர். பாராசூட்டில் உயிரோடு இறங்கியவர் ஒருவர்தான், 53 வயதான லெப்டினன்ட் கர்னல் ஐசீல் ஹாம்பிள்டன். அவருடைய அழைப்புக் குறி 'பேட் 21 பிராவோ'. அவர் விழுந்த இடமோ காம் லோ பாலத்துக்கு அருகில், தெற்கே முன்னேறிக்கொண்டிருந்த வட வியட்நாம் படைகளின் நட்ட நடுவே.

போதாததற்கு அவர் சாதாரண விமானப்படை அதிகாரி இல்லை. முன்பு அமெரிக்காவின் அணு ஏவுகணைப் படையில் பொறுப்பில் இருந்தவர். அவர் உயிரோடு பிடிபட்டால் வாயிலிருந்து என்னென்ன வெளியே வருமோ என்ற பயம் மேலிடத்துக்கு இருந்தது.

மீட்கப் போனார்கள். நடந்ததைக் கணக்காகச் சொன்னால்தான் புரியும். அன்றே போன தரைப்படை ஹெலிகாப்டர் சுடப்பட்டது, மூன்று பேர் இறந்தார்கள், ஒருவர் சிறைபிடிக்கப்பட்டார். மறுநாள் வானத்திலிருந்து வழிகாட்டிய ஓ.வி.-10 சிறு விமானம் விழுந்தது. அதில் ஒருவர் சிறைப்பட்டார். இன்னொருவரான லெப்டினன்ட் மார்க் கிளார்க் ஒளிந்துகொண்டார், ஆக மீட்க வேண்டியவர்கள் இரண்டு பேர் ஆனார்கள். ஏப்ரல் 6இல் பெரிய மீட்பு ஹெலிகாப்டர் எரிந்து விழுந்தது, ஆறு பேரும் போனார்கள். மறுநாள் இன்னொரு ஓ.வி.-10. அதில் இருந்த இருவரும் திரும்பவே இல்லை. ஒரு ஆளை மீட்கப் போய் பதினொரு பேர் பலி. இனிமேல் ஹெலிகாப்டர் போகக் கூடாது என்று தலைமைத் தளபதி ஏப்ரம்ஸ் உத்தரவிட்டார்.

இதில் பலர் சொல்லாமல் விடுகிற ஒரு விஷயம் உண்டு. ஹாம்பிள்டன் மேல் குண்டு விழுந்துவிடக் கூடாது என்று அவரைச் சுற்றி 27 கிலோமீட்டர் ஆரத்துக்குக் குண்டுவீச்சு, பீரங்கித் தாக்குதல் எல்லாவற்றுக்கும் முதலில் தடை போட்டார்கள். அந்த வட்டத்துக்குள்தான் தென் வியட்நாமின் மூன்றாவது டிவிஷன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போராடிக்கொண்டிருந்தது. ஒரு அமெரிக்கருக்காக ஆயிரக்கணக்கான வியட்நாம் சிப்பாய்களுக்குப் பீரங்கி ஆதரவு இல்லாமல் போனது. வீரக் கதை சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்பது பின்னால் தெரியும்.

வானம் மூடிவிட்டது, மிச்சம் இருந்தது தரையும் ஆறும். மரீன் படை லெப்டினன்ட் கர்னல் ஆண்டி ஆண்டர்சன் ஒரு திட்டம் வைத்தார். மறைந்திருக்கும் இருவரும் இரவில் மியூ ஜியாங் ஆற்றுக்கு நகர வேண்டும், நீரோட்டத்தோடு கிழக்கே மிதந்து வர வேண்டும். கரையோரமாக ஒரு சிறு குழு எதிரே போய் அவர்களைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் குழுவை நடத்த நாரிஸ் முன்வந்தார்.

ஆற்றுக்கு நகரச் சொல்வதே பெரிய சிக்கல். இருவர் கையிலும் சிறிய உயிர்காப்பு ரேடியோ, அதில் பேசுவதை எதிரியும் கேட்கிறான். ஆங்கிலம் தெரிந்தவன் கேட்டாலும் புரியாதபடி சொல்ல வேண்டும். ஹாம்பிள்டன் கோல்ஃப் பைத்தியம். எந்த மைதானத்தில் எத்தனையாவது குழி எவ்வளவு நீளம், எந்தத் திசையில் போகிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். விமானப்படை அவர் ஆடிய மைதானங்களை விசாரித்துத் தெரிந்துகொண்டு, "இப்போது இந்த மைதானத்தின் இந்தக் குழியை ஆடு" என்று ரேடியோவில் சொன்னது. அவர் அந்தத் திசையில் அத்தனை கெஜம் இருட்டில் ஊர்ந்தார். அடுத்து இன்னொரு குழி. இப்படியே ஆடி ஆடி ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தார்.

கிளார்க்குக்கு கோல்ஃப் இல்லை. அவர் இடாஹோ மாநிலத்துக்காரர், அங்கே ஸ்நேக் என்று ஒரு நதி உண்டு. நிலா மலைக்குப் பின்னால் போனதும், எஸ்தர் வில்லியம்ஸ் மாதிரி ஸ்நேக்கில் இறங்கி பாஸ்டனுக்கு மிதந்து போ என்றார்கள். எஸ்தர் வில்லியம்ஸ், நீச்சலுக்குப் பெயர் போன அந்தக் கால நடிகை. பாஸ்டன் இருப்பது அமெரிக்காவின் கிழக்குக் கரையில். ஆற்றில் இறங்கு, கிழக்கே வா, அவ்வளவுதான் செய்தி.

ஏப்ரல் 10 இரவு. நாரிஸும் வியட்நாம் கமாண்டோக்களுமாக ஐந்து பேர் தங்கள் முன்னணித் தளத்திலிருந்து கிளம்பினார்கள். எதிரி நடமாடும் இடத்தில் இரண்டு கிலோமீட்டர். கேட்கச் சின்னத் தூரம், நாம் காலை நடையில் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவோம். அவர்களுக்கு ராத்திரி முழுக்க ஆனது. ஒரு ரோந்துப் படை வரும், படுத்துக்கொள்ள வேண்டும். அது போனதும் எழுந்து சில அடி நடந்தால் இன்னொன்று வரும்.

ஆற்றோரம் ஓர் இடத்தில் பதுங்கியிருக்கும்போது நாரிஸுக்கு மூச்சுச் சத்தம் கேட்டது. குளிர்ந்த தண்ணீரில் மிதக்கிற ஆள், வாய்க்குள் போன நீரைத் துப்பி இழுத்து விடுகிற மூச்சு. கிளார்க்தான். கை நீட்டினால் பிடித்துவிடலாம் போன்ற தூரம். அதே நொடியில் வட வியட்நாம் ரோந்து ஒன்று அவர்களுக்கும் ஆற்றுக்கும் இடையே நடந்து வந்தது. என்ன செய்வீர்கள்? சுட்டால் ரோந்து முடிந்துவிடும், ஆனால் அந்தச் சத்தத்துக்குச் சுற்றிலும் இருக்கிற மொத்தப் படையும் எழுந்து வரும். நாரிஸ் அசையவில்லை. தேடி வந்த ஆள் கண் முன்னால் மிதந்து கடந்து போவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

ரோந்து போனதும் தண்ணீரில் இறங்கி நீரோட்டத்தோடு தேடினார். விடியும் நேரத்தில், பாதி மூழ்கிக் கிடந்த ஒரு தோணிக்குப் பின்னால் கிளார்க் ஒளிந்திருப்பது தெரிந்தது. கிளார்க்குக்கு இவரைப் பார்த்ததும் எதிரி என்றே தோன்றியது. பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் நம்பினார். மெதுவாகத் தளத்துக்குக் கூட்டி வந்தார்கள். என்னைக் கேட்டால், நாரிஸின் மொத்தப் போர்க்கதையிலும் உச்சம் இந்த அசையாமல் கிடந்த சில நிமிடங்கள்தான். துப்பாக்கி பிடிக்கப் பயிற்சி கொடுத்துவிடலாம். இதற்கு எப்படிக் கொடுப்பது?

ஏப்ரல் 11 அன்று தளத்தின் மேல் மோர்ட்டாரும் ராக்கெட்டும் விழுந்தன. உயிர்ச்சேதம் ஆனது, ஆண்டர்சனும் காயப்பட்டு வெளியேற்றப்பட்டார். பொறுப்பு முழுவதும் நாரிஸ் தலையில். அன்று இரவு மூன்று பேராக இரண்டு தடவை ஹாம்பிள்டனைத் தேடிப் போனார்கள். கிடைக்கவில்லை. அதற்குள் வியட்நாம் கமாண்டோக்களில் சிலர் தயங்க ஆரம்பித்தார்கள். ஒரு அமெரிக்கர், இன்னொரு அமெரிக்கரைக் காப்பாற்ற எங்களை ஏன் சாகக் கூப்பிடுகிறார் என்பது அவர்கள் கேள்வி. மேலே சொன்ன 27 கிலோமீட்டர் வட்டத்தை நினைத்துப் பார்த்தால் அந்தக் கேள்வியைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் வருகிறேன் என்று நின்றவர் ஒருவர், நுயென் வான் கியெட். தென் வியட்நாம் கடற்படையில் கீழ்நிலை வீரர்.

12ஆம் தேதி பிற்பகலில், மேலே சுற்றிய விமானம் ஹாம்பிள்டன் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துச் சொன்னது. பத்து நாளாகச் சோறு இல்லை, கிடைத்த சோளத்தையும் காயையும் தின்று கிடந்த மனிதர். பேச்சு குழற ஆரம்பித்துவிட்டது, இன்னொரு இரவு தாங்குவாரா என்பது சந்தேகம். நாரிஸும் கியெட்டும் மீனவர் வேஷம் போட்டார்கள். ஊர்க்காரர்கள் விட்டுப்போன சம்பான் ஒன்றை, அதாவது தட்டையான அடிப்பாகம் கொண்ட சின்னத் தோணியை, எடுத்துக்கொண்டு இருட்டில் நீரோட்டத்துக்கு எதிராகத் துடுப்புப் போட்டார்கள்.

பனி இறங்கியது. பனியில் எதிரி அவர்களைப் பார்க்க முடியவில்லை, நல்லது. அவர்களும் எதையும் பார்க்க முடியவில்லை. கரையில் டாங்கிகளின் சத்தம், ஆட்கள் பேசும் சத்தம். திடீரென்று பனி விலகியபோது தலைக்கு மேலே காம் லோ பாலம் நின்றது, மேலே வட வியட்நாம் சிப்பாய்கள். போக வேண்டிய இடத்தைத் தாண்டி வந்துவிட்டார்கள்! சத்தமில்லாமல் தோணியைத் திருப்பி, கரையை ஒட்டித் தேடிக்கொண்டே வந்தார்கள். விடிகிற நேரத்தில் ஒரு புதருக்குள் ஹாம்பிள்டன் உட்கார்ந்திருந்தார்.

இரவு வரை காத்திருந்தால் வழியில் ஆபத்து குறைவு, ஆனால் ஆள் தாங்க மாட்டார். பகலிலேயே கிளம்பினார்கள். தோணியின் அடியில் அவரைப் படுக்க வைத்து, மேலே மூங்கிலும் இலை தழையும் போட்டு மூடினார்கள். ஆற்றில் இரண்டு மீனவர்கள் போகிறார்கள், அவ்வளவுதான். ஒரு ரோந்தை ஏமாற்றிக் கடந்தார்கள். தளத்தை நெருங்கும்போது கரையிலிருந்து கனரக இயந்திரத் துப்பாக்கி சுட ஆரம்பித்தது. நாரிஸ் விமானத் தாக்குதலைக் கூப்பிட்டார். குண்டும் புகையும் எதிர்க்கரையை மறைக்க, தோணி கரை சேர்ந்தது. ஏப்ரல் 13. ஹாம்பிள்டன் அங்கே கிடந்தது 11 நாட்களுக்கு மேல்.

1988இல் இந்தச் சம்பவத்தை வைத்து ஹாலிவுட் ஒரு படம் எடுத்தது. அதில் நாரிஸும் இல்லை, கியெட்டும் இல்லை. நிஜத்தில் ஹெலிகாப்டரால் ஆகாத வேலைக்காகத்தான் தோணி போனது என்பது படம் பார்த்தவர்களுக்குத் தெரியாமலே போயிற்று.

ஆறு மாதம் கழித்து அக்டோபர் 31. இந்தத் தடவை மீட்பு இல்லை, உளவு. குவா வியெட் ஆற்றுத் தளம் எதிரி கையில் இருந்தது. அங்கே போய்த் தகவல் திரட்ட வேண்டும், முடிந்தால் ஒருவரைப் பிடித்து வர வேண்டும். நாரிஸ், இளைய சீல் வீரர் மைக்கேல் தார்ன்டன், மூன்று வியட்நாம் கமாண்டோக்கள். படகு அவர்களைத் தவறான இடத்தில் இறக்கிவிட்டது. கரையேறி உள்ளே போகப் போக, வரைபடத்தில் இருக்கும் எதுவும் தரையில் இல்லை. அவர்கள் நிற்பது எல்லையைத் தாண்டி வட வியட்நாமில்!

திரும்பிக் கடற்கரைக்கு வந்தபோது விடிந்துவிட்டது. ரோந்து வந்தவர்கள் பார்த்துவிட்டார்கள், சண்டை தொடங்கியது. ஐந்து பேருக்கு எதிரே பல மடங்கு ஆட்கள். மணிக்கணக்காக மணல்மேடுகளுக்கு இடையே பின்வாங்கிக்கொண்டே சுட்டார்கள். கடலில் நின்ற நியூபோர்ட் நியூஸ் என்ற பெரிய போர்க்கப்பலின் பீரங்கி உதவியைக் கேட்டார் நாரிஸ். மற்றவர்கள் தண்ணீரை நோக்கி ஓட, தான் கடைசியாக நின்றார். தோளில் வைத்துச் சுடும் சிறு ராக்கெட்டை எடுத்துக் குறிபார்க்கும்போது குண்டு தலையில் பாய்ந்தது. இடது கண்ணும் மண்டையோட்டின் ஒரு பகுதியும் போயின.

பக்கத்தில் இருந்த வியட்நாம் கமாண்டோ ஓடி வந்து, அவர் இறந்துவிட்டார் என்று தார்ன்டனிடம் சொன்னார். தார்ன்டனுக்கே முதுகில் கையெறிகுண்டுச் சில்லுகள். இருந்தும் சில நூறு மீட்டர் திரும்பி ஓடினார். நாரிஸை நெருங்கிவிட்ட இரண்டு எதிரிகளைச் சுட்டார், 'உடலை'த் தூக்கித் தோளில் போட்டார். கப்பலின் குண்டு ஒன்று அருகில் வெடித்து இருவரையும் தூக்கி எறிந்தது. மறுபடி எடுக்கும்போது "மைக்" என்று ஒரு முனகல் கேட்டது, அப்போதுதான் உயிர் இருப்பது தெரிந்தது என்று தார்ன்டன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கடலில் இறங்கி, நாரிஸின் மிதவைச் சட்டையில் காற்றடைத்து, இழுத்துக்கொண்டு நீந்தினார். இடுப்பில் சுடப்பட்ட ஒரு வியட்நாம் கமாண்டோவையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். சுமார் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் துணைப் படகு வந்து எடுத்தது.

1973 அக்டோபர் 15. தார்ன்டனுக்கு மெடல் ஆஃப் ஹானர், அதிபர் நிக்ஸன் கையால். நாரிஸ் அப்போது பெதஸ்டா கடற்படை மருத்துவமனையில் தொடர் அறுவை சிகிச்சைகளில் இருந்தார். வெளியே அனுப்ப மருத்துவர்கள் மறுத்துவிட்டார்கள். தார்ன்டன் அவரைப் பின்வாசல் வழியாகக் கடத்திக்கொண்டு வெள்ளை மாளிகைக்குப் போய்விட்டார். நாரிஸின் சொந்தப் பதக்கம் 1976 மார்ச் 6 அன்றுதான் வந்தது, அதிபர் ஃபோர்டு கையால். விருது பெற்ற ஒருவரைக் காப்பாற்றியதற்காக இன்னொருவர் அதே விருது பெறுவது நூறு வருடங்களுக்கு மேல் நடக்காத விஷயம்.

பதக்கத்தோடு வாசிக்கப்படும் பாராட்டுப் பத்திரங்களைப் படித்துப் பாருங்கள், நேரம் கிடைத்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து. நாரிஸின் பத்திரத்தில் கியெட் பெயர் கிடையாது. லெப்டினன்ட் நாரிஸும் 'ஒரு வியட்நாமியரும்' தோணியில் போனார்கள், அவ்வளவுதான். தார்ன்டனின் பத்திரத்தில் நாரிஸ் பெயரும் கிடையாது. அங்கே அவர் 'கடற்படை லெப்டினன்ட்', 'மூத்த ஆலோசகர்'. இத்தனைக்கும் தார்ன்டன் உயிரைப் பணயம் வைத்தது அந்தப் பெயர் தெரியாத லெப்டினன்டுக்காகத்தான். கியெட்டுக்கு மெடல் ஆஃப் ஹானர் கொடுக்க வழியில்லை, அது அமெரிக்கப் படையினருக்கு மட்டும். அடுத்த நிலையில் இருக்கும் நேவி கிராஸ் கொடுத்தார்கள். தென் வியட்நாம் கடற்படையில் அதைப் பெற்றவர் அவர் ஒருவர்தான். போர் முடிந்த பிறகு அவரும் அமெரிக்காவில்தான் குடியேறினார்.

பத்திரங்களை அப்படியே நம்பவும் கூடாது என்பதற்கு மூன்றாவது ஆளான பாப் கெர்ரியைப் பார்க்கலாம். 1969 மார்ச்சில் ந்யா ட்ராங் விரிகுடாவில் ஒரு தீவில் நடந்த சண்டையில் காலை இழந்தும் தலைமை தாங்கியதற்காக மெடல் ஆஃப் ஹானர். பின்னாளில் நெப்ராஸ்கா ஆளுநர், செனட்டர். அதே வருடம் பிப்ரவரியில் அவர் குழு 'தான் ஃபொங்' என்ற கிராமத்தில் நடத்திய தாக்குதலுக்காகவும் அவருக்கு வெண்கல நட்சத்திரப் (Bronze Star) பதக்கம் கிடைத்திருந்தது. கொல்லப்பட்டது 21 வியட்காங் கெரில்லாக்கள் என்றது பத்திரம். 2001இல் உண்மை வெளியே வந்தது. அங்கே செத்தவர்கள் ஆயுதமில்லாத பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். அது எப்படி நடந்தது என்பதில் குழுவுக்குள்ளேயே இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். செத்தவர்கள் யார் என்பதைக் கெர்ரி ஒப்புக்கொண்டார். ஒரே படை, ஒரே போர். ஒரு அதிகாரியின் சட்டையில் எத்தனை பதக்கம் என்று யாராவது எண்ணிச் சொன்னால், எந்த இரவுக்கு எது என்று நான் கேட்பது இதனால்தான்.

நாரிஸுக்கு வருவோம். ஒற்றைக் கண், தலையில் வரிசையாக அறுவை சிகிச்சைகள், கடற்படையிலிருந்து மருத்துவ ஓய்வு. இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் மனிதர் கல்லூரிக் காலத்துக் கனவை விடவில்லை, எஃப்.பி.ஐ.க்கு விண்ணப்பம் போட்டார். இரண்டு கண்ணும் இருந்தபோதே விமானி வேலைக்குத் தேறாதவர் என்பதை மறந்துவிடாதீர்கள். அப்போதைய இயக்குநர் வில்லியம் வெப்ஸ்டர், மற்றவர்களுக்கு வைக்கும் அதே தேர்வுகளில் தேறினால் உடல் குறையைப் பொருட்படுத்த மாட்டோம் என்றார். தேறிவிட்டார். 1979இல் சேர்ந்தார். 1980களின் தொடக்கத்தில் எஃப்.பி.ஐ. பணயக் கைதிகளை மீட்பதற்கென்று தனிப் படை ஒன்றை உருவாக்கியபோது அதன் முதல் அணியில் அவரும் இருந்தார். அங்கேயும் அதே வேலை, உள்ளே மாட்டிக்கொண்டவரை உயிரோடு வெளியே கொண்டுவருவது.

இருபது வருடம் அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றார். அதன் பிறகு குடியேறியது இடாஹோவில். மார்க் கிளார்க்கின் ஊர்ப்பக்கம், ஸ்நேக் நதி ஓடுகிற மாநிலம்.